திருமுழுக்கு: நம்பிக்கையின் அறிக்கையா, சாதிச் சான்றிதழின் முடிவா?

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, கிறித்தவ நம்பிக்கையின் மிகப் பழமையான சடங்கு ஒன்றை அரசமைப்புச் சட்ட விவாதத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசுப் பணிக்காகத் தனக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று கோரினார். தந்தை வழியில் தான் வள்ளுவன் சாதியைச் சேர்ந்த இந்து என்பது அவரது வாதம். அவர் பிறந்த சிறிது காலத்திலேயே தேவாலயத்தில் திருமுழுக்குப் பெற்றிருக்கிறார் என்பதும், தொடர்ந்து தேவாலயம் சென்று வருகிறார் என்பதும் அரசுத் தரப்பின் பதில். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது நடந்த சடங்கு தன்னைக் கட்டுப்படுத்தாது என்ற அவரது விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் திருமுழுக்குப் பதிவை நீக்க அவர் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்பதையும் அது ஒரு காரணமாகச் சுட்டியது. உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுப் பயனுக்காக மட்டும் மதம் மாறியதாகக் கூறுவது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றும் கூறி, மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இத்தீர்ப்பு சரியா தவறா என்பதற்குள் போகும் முன், ஓர் அடிப்படைக் கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது. திருமுழுக்கு என்பது என்ன? அதைப் பெறும் மனிதருக்கு அது எதைச் செய்கிறது? அதை அரசும் நீதிமன்றமும் எவ்வாறு புரிந்துகொள்கின்றன? தலித் மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் இக்கேள்விகளை இறையியலாளர்களிடம் விட்டுவிட முடியாது. ஒருவருடைய கல்லூரி இடமும் வேலையும் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் ஒரு தேவாலயப் பதிவேட்டின் ஒற்றை வரியைச் சார்ந்து நிற்கும் நாட்டில் நாம் வாழ்கிறோம்.

சொல்லும் சடங்கும்

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இன்று 'திருமுழுக்கு' என்கின்றனர். சீர்திருத்தச் சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் 'ஞானஸ்நானம்' என்கின்றனர். மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'அமிழ்த்துதல், தோய்த்தல்' என்பது பொருள். யோர்தான் ஆற்றில் யோவான் மக்களுக்கு மனமாற்றத்தின் அடையாளமாக முழுக்குக் கொடுத்ததையும், இயேசுவும் அவரிடம் முழுக்குப் பெற்றதையும் நற்செய்தி நூல்கள் பதிவு செய்கின்றன. எல்லா இனத்தாரையும் சீடராக்கி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் முழுக்குக் கொடுக்குமாறு உயிர்த்தெழுந்த இயேசு பணித்தார் என்பது மத்தேயு நற்செய்தியின் இறுதிப் பகுதி.

இச்சடங்கின் பொருளை விரிவாக எடுத்துரைத்தவர் பவுல். உரோமையருக்கு எழுதிய மடலில் அவர் முழுக்கை ஒரு சாவாகவும் அடக்கமாகவும் பார்க்கிறார். நீருக்குள் மூழ்குபவர் பழைய வாழ்வுக்கு இறக்கிறார். எழுபவர் புதிய வாழ்வுக்கு எழுகிறார். கலாத்தியருக்கு எழுதிய மடலில் இதன் சமூக விளைவையும் கூறுகிறார். முழுக்குப் பெற்றவர்களுக்கிடையே யூதர், கிரேக்கர் என்ற பிரிவில்லை. அடிமை, உரிமைக் குடிமகன் என்ற பிரிவில்லை. ஆண், பெண் என்ற பிரிவில்லை என்பது அவரது கருத்து. சாதி ஒழிப்பைப் பேசும் ஒவ்வொரு தலித் கிறித்தவ இறையியலாளரும் திரும்பத் திரும்ப இவ்விடத்திற்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம்பிக்கையாளருக்குத் திருமுழுக்கு என்பது பாவமன்னிப்பின் அடையாளம் மட்டுமன்று; பிறப்பால் வந்த படிநிலை செல்லாது என்று அறிவிக்கும் ஒரு சமூகத்திற்குள் நுழைவதும் ஆகும்.

நடைமுறையில் சபைகள் வேறுபடுகின்றன. கத்தோலிக்கம், தென்னிந்தியத் திருச்சபை, லூத்தரன் சபைகள் ஆகியவை குழந்தைகளுக்கும் திருமுழுக்கு வழங்குகின்றன. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் சார்பில் நம்பிக்கையை அறிக்கையிடுகின்றனர். தலையில் மும்முறை நீர் வார்ப்பதே பெருவழக்கு. குழந்தை வளர்ந்தபின் அந்த நம்பிக்கையைத் தானே ஏற்கும் சடங்கு வேறாக இருக்கிறது. கத்தோலிக்கர் அதை உறுதிபூசுதல் என்றும், தென்னிந்தியத் திருச்சபையினர் திடப்படுத்தல் என்றும் அழைக்கின்றனர். பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தைத் திருமுழுக்கை ஏற்பதில்லை. விவரம் அறிந்த வயதில், தன் வாயால் நம்பிக்கையை அறிக்கையிட்ட பிறகே, ஆற்றிலோ ஏரியிலோ தொட்டியிலோ முழுவதும் மூழ்கி எழ வேண்டும் என்பது அவர்களது முறை. குழந்தையாக நீர் வார்க்கப்பட்டவர் அங்கே சேர்ந்தால் மீண்டும் ஞானஸ்நானம் பெறுகிறார்.

இந்த வேறுபாடு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் உயிர்ப்பலி கேட்டது. 1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர், குழந்தைப்பருவத் திருமுழுக்கைச் செல்லாதென்று கூறி, பெரியவர்களாகிய தமக்குத் தாமே முழுக்குக் கொடுத்துக்கொண்டனர். நகர ஆட்சி அதை அரசுக்கு எதிரான கலகமாகக் கண்டது. அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரியில் லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் திருமுழுக்குப் பதிவேட்டின் வழியே குடிமகனாகக் கணக்கில் சேர்த்துக்கொண்ட அரசுக்கு, 'என் நம்பிக்கையை நானே அறிவிப்பேன்' என்ற கூற்று ஆபத்தாகத் தெரிந்தது. பதிவேடு ஒருவரது மதத்தைத் தீர்மானிக்குமா, அவரது சொந்த அறிக்கை தீர்மானிக்குமா என்பதே அன்றைய சண்டையின் உள்ளடக்கம். 2024 தீர்ப்பின் மையத்தில் இருப்பதும் ஏறத்தாழ அதே கேள்வி.

நீரும் தீண்டாமையும்

இந்தியாவில் திருமுழுக்கின் பொருள் இன்னொரு தளத்தில் விரிகிறது. பொதுக் கிணறும் குளமும் மறுக்கப்பட்ட மக்கள், நீரைக் கொண்டே ஒரு புதிய அடையாளத்தைப் பெற்றனர். 1927 மார்ச்சில் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது ஏன் ஒரு புரட்சியாக இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு நிகழ்வுகளைப் பார்ப்போம். 1873-இல் பஞ்சாபின் சியால்கோட் பகுதியில், சூஹ்ரா சாதியைச் சேர்ந்த தித் என்ற தோல் வணிகர் அமெரிக்க மறைப்பணியாளர் ஒருவரிடம் வந்து ஞானஸ்நானம் கேட்டார். எழுத்தறிவில்லாத, கால் ஊனமுற்ற அம்மனிதரை மறைப்பணியாளர் தயக்கத்துடனேயே ஏற்றார். மேலும் கற்பதற்காகத் தம்முடன் தங்குமாறு கேட்டார். தித் மறுத்துத் தம் ஊருக்கே திரும்பினார். உறவினரின் எதிர்ப்பைத் தாங்கினார். தம் குடும்பத்தாரையும் அண்டை வீட்டாரையும் தாமே அழைத்து வந்தார். பஞ்சாபில் பெருந்திரள் மதமாற்றம் அங்கிருந்து தொடங்கியது. மறைப்பணியாளர்கள் கற்றறிந்த உயர்சாதியினரைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒடுக்கப்பட்ட மனிதர் ஒருவர் அவர்களது திட்டத்தையே மாற்றினார்.

இரண்டாவது, இன்றைய ஆந்திரத்தின் ஒங்கோல். அமெரிக்க பாப்டிஸ்ட் பணியாளர் ஜான் கிளஃப் அங்கு வந்தபோது, முதலில் நம்பிக்கை கொண்டவர்களுள் முக்கியமானவர் யெர்ரகுண்ட்ல பெரியா என்ற மாதிகர். மாதிகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினால் நாங்கள் வருவோம் என்று சாதி இந்துக்கள் கூறியதைக் கிளஃப் ஏற்கவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் அவர் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி வேலை அளித்தார். அக்காலத்தில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை அவர் திருப்பியனுப்பினார். நிவாரணத்திற்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது என்பது அவரது கணக்கு. நிவாரணப் பணி முடிந்து, கொடுக்க எதுவும் இல்லை என்று அறிவித்த பின்னும் மக்கள் திரண்டனர். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றனர். இந்தியப் போதகர்கள் இருவர் இருவராக முறைவைத்து ஆற்றில் நின்று கொடுத்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதிகர்கள்.

'அரிசிக் கிறித்தவர்' என்ற ஏளனச் சொல்லை இன்றும் கேட்கிறோம். தலித் மக்கள் சிந்தித்து முடிவெடுக்கத் தெரியாதவர்கள், ஒரு படி தானியத்திற்கு விலைபோகிறவர்கள் என்ற சாதியக் கருத்தே அச்சொல்லுக்குள் இருக்கிறது. தித்தும் ஒங்கோல் மக்களும் அதற்கு வரலாறு தரும் பதில். கஞ்சி கிடைத்த நாளில் அன்றி, கஞ்சி நின்ற பிறகு அவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். தங்களைத் தொடவே மறுத்த ஒரு சமூகத்தில், ஒருவர் கைபிடித்து நீரில் அமிழ்த்தி எழுப்புவது என்ன பொருள் தந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருமுழுக்கிற்குள் நுழைந்த சாதி

எனினும், நீரில் மூழ்கி எழுந்தவுடன் சாதி கரைந்துவிட்டதாகக் கூறினால் அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். தமிழகத்தில் திருமுழுக்குச் சடங்கே சாதிக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியினரை ஈர்க்கப் பூணூல், குடுமி உள்ளிட்ட அடையாளங்களை அனுமதித்தார். பின்னர் ஒடுக்கப்பட்டோருக்கென வேறு குருக்கள் பணியமர்த்தப்பட்டனர். அன்றைய உரோமைச் சடங்கில், திருமுழுக்கின்போது குரு தம் உமிழ்நீரால் பெறுபவரைத் தொடுவதும் அவர் மீது மூச்சு ஊதுவதும் உண்டு. எச்சில் தீட்டு என்று கருதிய உயர்சாதியினருக்காக மதுரை மிஷன் குருக்கள் இவற்றை விட்டுவிட்டனர். 1704-இல் திருத்தந்தையின் தூதரான தெ தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, இச்செயல்களைக் கைவிடக்கூடாது என்றும், நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குள் சென்று அருட்சாதனங்கள் வழங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நாற்பது ஆண்டுக்கால வழக்காடலுக்குப் பின், 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை, பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றது. வீட்டிற்குள் நுழைய வேண்டும் என்ற கட்டளை, தனி ஏற்பாடாகச் சுருங்கியது.

சீர்திருத்தச் சபையும் விதிவிலக்கன்று. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க் அடுத்த ஆண்டே முதல் திருமுழுக்குகளை வழங்கினார். 1733-இல் முதல் தமிழ்ப் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்ட ஆரோன் வேளாளர். தஞ்சைப் பகுதியில் அயராது உழைத்த இராஜநாயக்கன் பறையர் என்பதால், உபதேசியாராகவே இருந்தார். உயர்சாதிக் கிறித்தவர்கள் அவர் கையால் திருவிருந்து பெற மாட்டார்கள் என்பதே அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டதன் காரணம். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது.

நம் காலத்திற்கு வருவோம். எறையூரில் தனிக் கல்லறை, தனி இருக்கை, சவ ஊர்வலப் பாதை மறுப்பு ஆகியவற்றுக்கு எதிராகத் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கோரினர். 2008 மார்ச்சில் அவர்கள் மீது தாக்குதல் நடந்தது; காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித்துகளின் புதைகுழிகளைப் பிரித்து நின்ற சுவரும் நாம் அறிந்ததே. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தனது தலித் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒரே தொட்டியின் நீரில் பெற்ற திருமுழுக்கு, ஒரே மண்ணில் அடக்கம் பெறும் உரிமையைக்கூட உறுதி செய்யவில்லை.

1950 ஆணையும் 'அறிக்கையிடுதல்' என்ற சொல்லும்

இங்கிருந்துதான் சட்டத்தின் முரண்பாடு தொடங்குகிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை, தன் மூன்றாம் பத்தியில், இந்து மதத்திலிருந்து வேறுபட்ட மதத்தை வெளிப்படையாகக் கைக்கொள்ளும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர்.

இதை எதிர்த்த வழக்குகளுள் முதன்மையானது 1985-இன் சூசை வழக்கு. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசைக்கு, அவருடைய இந்துத் தோழர்களுக்குக் கிடைத்த அரசின் இலவசப் பெட்டிக்கடை கிடைக்கவில்லை. அவர் கிறித்தவர் என்பதே காரணம். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதே கொடுமையுடன் சமூக இழிவுகள் புதிய மதத்திலும் தொடர்கின்றன என்பதற்கு அதிகாரப்பூர்வமான சான்று வேண்டும் என்று கூறி உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அத்தகைய சான்றை 2007-இல் நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அளித்தது. மூன்றாம் பத்தியை முற்றிலும் நீக்கவும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

மூன்றாம் பத்தியின் திறவுகோலாக இருப்பது 'வெளிப்படையாகக் கைக்கொள்ளுதல்' அல்லது 'அறிக்கையிடுதல்' என்று நாம் மொழிபெயர்க்கும் சொல். அதே சொல்தான் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் உறுப்பிலும் வருகிறது. மனச்சான்றுக்கேற்ப ஒரு மதத்தை அறிக்கையிடவும் பின்பற்றவும் பரப்பவும் உரிமை உண்டு என்று அது கூறுகிறது. ஓரிடத்தில் அடிப்படை உரிமையாக இருக்கும் செயல், மற்றோரிடத்தில் உரிமையிழப்பிற்கான காரணமாகிறது. இந்தத் தண்டனை தலித்துகளுக்கு மட்டுமே. பழங்குடியினர் எம்மதத்தில் சேர்ந்தாலும் அவர்களது பட்டியல் தகுதி சட்டப்படி தொடர்கிறது.

1960-களில் பௌத்தம் தழுவிய ஒருவரின் தேர்தல் வழக்கில், பஞ்சாப்ராவ் எதிர் மேஷ்ராம் என்ற தீர்ப்பில், இச்சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. மனத்திற்குள் இருக்கும் நம்பிக்கையை அது குறிப்பதில்லை. அக்கறையுள்ள எவரும் அறியும்படி ஒருவர் தம் மதத்தை வெளிப்படையாக அறிவிப்பதையே குறிக்கிறது என்றது. இவ்வரையறையை ஏற்றால், மூன்று மாதக் குழந்தை எதையும் அறிக்கையிடுவதில்லை. பெற்றோர் அறிக்கையிடுகின்றனர். குழந்தைத் திருமுழுக்கை ஏற்கும் சபைகளே, குழந்தை வளர்ந்து தானே உறுதி செய்யும் இன்னொரு சடங்கை வைத்திருக்கின்றன. ஏற்காத சபைகளோ, அறிக்கையிடாத முழுக்கு முழுக்கே அன்று என்கின்றன. அறிக்கையிடுதல் தன் வாயால் நிகழ வேண்டும் என்பதில் இரு மரபுகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

நீதிமன்றங்களும் முன்பு இத்தெளிவுடன் பேசியிருக்கின்றன. 1984-இன் அன்பழகன் எதிர் தேவராஜன் வழக்கு, இராசிபுரம் தனித் தொகுதியைப் பற்றியது. வென்றவர் குழந்தைப்பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவர் என்பது எதிர்த்தரப்பின் வாதம். நீதியரசர் சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, அவர் வாழ்ந்த விதத்தைப் பார்த்தது; ஞானஸ்நானம் பெற்றிருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் அவர் நெடுங்காலமாக இந்து ஆதிதிராவிடராகவே வாழ்ந்தவர் என்று முடிவு செய்தது. திரும்பி வருவதற்குத் தனிச் சடங்கும் தேவையில்லை என்றது. 2015-இன் கே.பி. மனு வழக்கில், தாத்தா காலத்தில் மதம் மாறிய குடும்பத்தில் பிறந்தவருக்கும் பட்டியல் சாதித் தகுதி மீளலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது: மூதாதையரின் சாதிக்குத் தெளிவான சான்று, தாய் மதத்திற்குத் திரும்பியதற்கான சான்று, அச்சமூகத்தார் ஏற்றுக்கொண்டதற்கான சான்று. 2021-இல் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவரின் சான்றிதழ், கணவர் கிறித்தவர் என்பதாலும் மருத்துவமனையில் சிலுவை மாட்டியிருந்ததாலும் ரத்து செய்யப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. தேவாலயம் செல்வதாலேயே ஒருவர் தம் மதத்தைக் கைவிட்டவராகிவிட மாட்டார் என்றும் அதிகாரிகளின் குறுகிய மனப்பான்மையைக் கண்டித்தது.

பதிவேட்டை அழிக்க முடியுமா?

இவற்றோடு ஒப்பிடும்போது 2024 தீர்ப்பின் ஒரு காரணம் நம்மை உறுத்துகிறது. திருமுழுக்குப் பதிவை நீக்க ஏன் முயலவில்லை என்று கேட்பது, அப்பதிவேட்டின் இயல்பை அறியாமல் கேட்கும் கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி திருமுழுக்கு ஒருமுறை மட்டுமே பெறத்தக்கது. அது ஆன்மாவில் பதிக்கும் முத்திரை அழியாதது. பதிவேடு, இந்த நாளில் இந்தச் சடங்கு நடந்தது என்ற நிகழ்வின் குறிப்பு. நம்பிக்கையைக் கைவிட்டவரின் பெயரும் அங்கேயே இருக்கும், ஏனெனில் நடந்தது நடந்ததே. அதை ஒருவரின் இன்றைய மதத்திற்கான உறுதியான சான்றாகக் கொள்வது, சமய நூல் சொல்லாத பொருளை அதற்குள் ஏற்றுவதாகும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவ்வழக்கில் திருமுழுக்கு மட்டும் சான்றாக இல்லை. தொடர்ந்த தேவாலய வழிபாடும் பெற்றோரின் கிறித்தவத் திருமணப் பதிவும் இருந்தன. மூன்றாம் பத்தி நடைமுறையில் இருக்கும்வரை நீதிமன்றம் அதைச் செயல்படுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால், மோசடி என்ற சொல்லை யார் மீது வீசுகிறோம் என்பது முக்கியம். பிறப்பால் ஒடுக்கப்பட்ட ஒருவர் தம் நம்பிக்கையையும் தம் உரிமையையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாதபடி ஓர் ஆணை கட்டமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நெருக்கடிக்குள் நின்று மக்கள் செய்யும் சமரசத்தை மோசடி என்று அழைத்துவிட்டு, நெருக்கடியை உருவாக்கிய பத்தியைப் பற்றி மௌனம் காப்பது நீதியன்று. ஞாயிறன்று தேவாலயத்திலும் திங்களன்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் இரு பெயர்களோடு வாழும் குடும்பங்களை அந்தப் பத்திதான் உருவாக்கியது. நம்பிக்கையை வெளிப்படையாக அறிவிப்பதே திருமுழுக்கின் சாரம் எனில், அதை மறைவாகப் பெற வேண்டிய நிலைக்குத் தலித்துகளைத் தள்ளும் சட்டம் அவர்களது சமய உரிமையின் மீதே கைவைக்கிறது.

மதமாற்றத் தடைச் சட்டங்கள் இதே சந்தேகத்தின் மறுபக்கம். தமிழ்நாட்டில் 2002-இல் வந்து, எதிர்ப்பினால் 2004-இல் திரும்பப் பெறப்பட்ட சட்டம், பெண்கள், சிறுவர், பட்டியல் சாதி, பழங்குடியினர் மதம் மாற்றப்பட்டால் கூடுதல் தண்டனை என்றது. பாதுகாப்பு என்ற பெயரில், தலித்துகளையும் பெண்களையும் சொந்தமாக முடிவெடுக்கும் திறனற்றவர்களாக அது வகைப்படுத்தியது. இன்று பல மாநிலங்களில் இதே வடிவம் உயிருடன் இருக்கிறது. ஆக, மதம் மாறும் முன் தலித்தின் முடிவை அரசு நம்புவதில்லை; மாறிய பின் அவரது துன்பத்தை நம்புவதில்லை.

நாம் அறிந்திருக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்திற்கு மாறியோரும் அவர்தம் வழிவந்தோரும், எத்தனை தலைமுறை கடந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். இது பட்டியல் சாதித் தகுதிக்கு ஈடாகாது. ஆயினும் இருக்கும் உரிமையை இழக்கலாகாது.

பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர் கிறித்தவரை மணப்பதாலோ, தேவாலயத்திற்குச் செல்வதாலோ, வீட்டில் சிலுவை இருப்பதாலோ மட்டும் சான்றிதழை இழப்பதில்லை. மாவட்ட விழிப்புக் குழு விசாரணைக்கு அழைத்தால், எழுத்துப்பூர்வமான அறிவிப்பும் ஆவணங்களின் நகலும் விளக்கமளிக்க வாய்ப்பும் கேட்டுப் பெறுவது உரிமை. வாய்மொழி மிரட்டலுக்கு அஞ்சிக் கையெழுத்திட வேண்டாம்.

1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என்கிறது. போதகராகப் பணியாற்றும் ஒருவர் அச்சட்டத்தின் கீழ்ப் புகார் அளிக்க இயலாது என 2025-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை எம்மதத்திற்கும் விலக்களிக்காமல் ஒழித்திருக்கிறது. 1955-இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பல பிரிவுகள் 'எந்த ஒருவரையும்' தீண்டாமையின் பேரால் வழிபாட்டிடத்திலிருந்து தடுப்பதைக் குற்றமாக்குகின்றன. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவே இருக்க வேண்டும் என்று அவை கோரவில்லை. தேவாலயத்தில் தனி இருக்கை, கல்லறையில் தனிச்சுவர் ஆகியவற்றுக்கு எதிராக இச்சட்டத்தை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதே உண்மை.

திருச்சபைகளுக்கும் ஒரு கேள்வி உண்டு. மூன்றாம் பத்தியை நீக்கக் கோரித் தில்லியில் மனுக் கொடுக்கும் ஆயர்களும் பேராயர்களும், தம் பங்குகளின் கல்லறைச் சுவர்களை இடிக்க எந்த நீதிமன்ற ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. திருமுழுக்குத் தொட்டியில் ஒன்றாக இருப்பவர்கள் கல்லறையிலும் ஒன்றாக இருப்பார்கள் என்று அறிவிக்க அவர்களிடம் முழு அதிகாரம் இருக்கிறது. சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்ட சான்று, ஒருவகையில் ஒவ்வொரு பிரிவினைச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு சமத்துவம் பேசுவது வழக்கிற்கும் உதவாது, நற்செய்திக்கும் பொருந்தாது.

மதத்தை வைத்து மனிதரின் ஒடுக்குமுறையை அளக்கும் மூன்றாம் பத்தி நீக்கப்பட வேண்டும். ஒருவர் எந்த ஆற்றில் மூழ்கினார், எந்தக் கோயிலில் வணங்கினார் என்பதைவிட, அவரை எந்தத் தெருவில் வாழவைத்தார்கள், எந்தக் கிணற்றில் நீரெடுக்க விடவில்லை என்பதே அரசு கேட்க வேண்டிய கேள்வி. ஆணையத்தின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் அந்தக் கேள்விக்கான சான்றுகளை ஊர் ஊராகத் திரட்டி வைப்பது, சட்டம் பயிலும் மாணவர்களும் களத்தில் நிற்கும் தோழர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி.